ஏறிய எடை இறங்காது

என் அக்காவை எல்லோரும் ஆகாசம் என்றுதான் கூப்பிட்டார்கள். சலவைக்கூடத்தில், தெருவில், முறை சொல்லிக் கூப்பிட வேண்டியவர்கள்கூட அப்படித்தான். அவள் இறந்த அன்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் மலர்வளையத்தில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆகாசம் என்பதைச் செல்லப் பெயர் என்று நினைத்திருந்தார்கள். அது செல்லப் பெயர் இல்லை. ஓர் ஆள் தன் தப்பை மறைக்கப்போய் அவள்மேல் ஒட்டிக்கொண்ட பெயர். அந்த ஆளுக்கு அக்கா என்ன செய்தாள், நான் என்ன செய்தேன் என்பதையும் இதில் எழுதுகிறேன். உனக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்று யாராவது சொன்னால், ஆமாம், ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் யாரிடமும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

அவள் பளு தூக்கப் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு சிலிண்டர் வந்தால் அப்பாவும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்கி, மாடி ஏறுவார்கள். ஒருநாள் இரண்டு பேரும் கீழே நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது அவள் தனியாகத் தூக்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டாள். அப்பா மேலே வந்து பார்த்தார்.

“இது எப்படி வந்துச்சு?”

“நடந்து வந்துச்சு.”

அடுத்த வாரமே அப்பா அவளைப் பளு தூக்கும் கிளப் நடத்திய மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே நீளமான கொட்டகை. ரப்பர் விரிப்பு வாடை, கைவழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைத்தூள், ஒரு மூலை உடைந்த ஆள் உயரக் கண்ணாடி. சுவர் நிறைய ஜெயித்தவர்களின் படங்கள். தோற்ற ஒருத்தர் படம்கூட இல்லை. “நம்ம கிளப்ல யாரும் தோத்ததில்ல” என்று மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அது உண்மைதான். தோற்கவே முடியாத எடையாகப் பார்த்துத்தான் அவர் தன் பிள்ளைகளுக்குக் கேட்பார். மூன்றாவது இடமோ நாலாவது இடமோ, தூக்கினோம் என்று பெயர் வந்தால் போதும். தோற்றுப்போவது என்றால் அவருக்கு அவ்வளவு பயம். அந்த விறைப்பான நடையையும் விசிலையும் பார்த்து நாங்கள் அதை வீரம் என்று நினைத்துக்கொண்டோம்.

பளு தூக்கும் போட்டியில் ஒரு விதி உண்டு. யார் எவ்வளவு தூக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே மேசையில் சொல்ல வேண்டும். குறைவாகச் சொன்னவர் முதலில் தூக்குவார். பிறகு தட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சொன்ன எடையை இரண்டு தடவை மாற்றிக்கொள்ளலாம், ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் மேடையில் கம்பி ஒரு எடையைத் தாண்டிவிட்டால் யாருக்காகவும் கீழே இறக்க மாட்டார்கள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் பூஜ்யம்.

அக்காவின் முதல் போட்டிக்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். அன்றைக்கு மாஸ்டருக்கு ஒரு தந்திரம் தோன்றியது. எதிர் கிளப்பைப் பயமுறுத்துவதற்காக அக்காவின் பெயருக்கு நேரே அவள் கனவில்கூடத் தொடாத எடையைக் கொடுத்தார். அவள் முறை வருவதற்குள் இறக்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. எதிர் கிளப்காரர் பயப்படவில்லை. அவர் ஏதோ கிண்டலாகச் சொல்ல, மாஸ்டர் போய்ச் சண்டைக்கு நின்றுவிட்டார். அந்தச் சண்டை முடிவதற்குள் கம்பி, அக்கா தூக்கக்கூடிய எடைகளையெல்லாம் தாண்டிப் போய்விட்டது.

அக்கா மேடைக்கு வந்து தட்டுகளைப் பார்த்தாள்.

“மாஸ்டர், இது என்னோடது இல்லையே?”

“தூக்கு, பாத்துக்கலாம்.”

முதல் தடவை கம்பி அசையவில்லை. இரண்டாம் தடவை முழங்கால்வரை வந்தது. மூன்றாம் தடவை கம்பி கையைவிட்டுப் போய், அவள் பின்னால் சரிந்து தொப்பென்று உட்கார்ந்தாள். மேல்வரிசையில் இருந்து ஒருவன், “ஆகாசத்தத் தூக்க வந்திருக்காடா!” என்று கத்தினான். கூடமே சிரித்தது. அறிவிப்பாளர் பாவப்பட்டு, “என்ன மாஸ்டர், சின்னப் பொண்ணுக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

மாஸ்டர் மைக்கை வாங்கினார். “நான் வேணாம்னுதான் சொன்னேன். பொண்ணுதான் அந்த எடையே வேணும்னு அடம் புடிச்சா. ஆசை யாரை விட்டுச்சு?”

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரியதாக இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், “ஆசைப்படறதுக்கும் ஒரு அளவு வேணும்மா” என்றார்.

“நான் கேக்கலப்பா. அவரா எழுதிட்டாரு.”

“அத்தனை பேர் முன்னாடி ஒரு பெரிய மனுஷன் பொய்யா சொல்லுவாரு?”

அப்பா கடைசிவரை அதைத்தான் நம்பினார். அவர் சாகக்கிடந்தபோது அக்கா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அவர், “நீ கொஞ்சம் நிதானமா இருந்திருந்தா எங்கயோ போயிருப்ப” என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பழி மட்டும்தான் தங்கியது. பாவம் செய்தவர் சுவருக்குப் புதுப் படங்கள் மாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடிப்படிக்குக் கீழே இறங்கினால் கொதிக்கும் அறை. ஆள் நுழையும் அளவுக்கு வாய் திறந்த இயந்திரங்கள். ஈரப் படுக்கை விரிப்புகளை உருவி எடுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். நனைந்த விரிப்பு பிணம் மாதிரி கனக்கும் என்று பக்கத்தில் உருளை இஸ்திரி போடுகிற பெண் சொல்வாள். எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. அவளும் மற்றவர்களும் இரண்டு பேராக இழுப்பதை அக்கா ஒற்றை ஆளாக இழுத்துவிடுவாள்.

அந்தப் பூஜ்யம் அவளை எப்படி மாற்றியது என்று எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது. அவள் தைரியசாலியா கோழையா என்று கேட்டால் சொல்ல முடியாது. சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் தேர்வு வைத்தார்கள். அவளுக்கென்றே வைத்த மாதிரியான தேர்வு. போகவில்லை. அதே வருஷம் மருத்துவமனையின் தலைமை நிர்வாகி பதவிக்கு விளம்பரம் வந்தது, அதற்கு விண்ணப்பம் போட்டாள்! மாமா, அதாவது அவள் கணவர், பஸ் ஓட்டுகிறவர். சோற்றைப் பிசைந்துகொண்டே, “நல்லதா போச்சு. உன் காருக்கு டிரைவர் வேணும்ல? ஆள் இங்கயே இருக்கேன்” என்றார்.

அவளும் சிரித்தாள். அவர் வேலைக்குப் போன பிறகு நான் விடாமல் கேட்டேன்.

“நிர்வாகிக்குப் போடற ஆளு மேற்பார்வையாளருக்குப் போட மாட்டியா?”

“மலையப் பொரட்டப் போய் முடியலன்னா யாரும் சிரிக்க மாட்டாங்கடி. செங்கல்லத் தூக்கப் போய்க் கீழ போட்டாத்தான் சிரிப்பாங்க. அந்தத் தேர்வுல பாதிப் பேர் தேறுவாங்க, பாதிப் பேர் தேற மாட்டாங்க. நான் இந்தப் பாதியில இருந்தேன்னு வை, திரும்ப ஆகாசமா?”

அவள் வாழ்க்கை முழுக்க இப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியதைச் செய்வாள், இல்லையென்றால் யாராலும் முடியாததைச் சொல்லுவாள். நடுவில் உள்ளதை, முயன்றால் ஒருவேளை கிடைக்கும் என்பதை, தொடவே மாட்டாள். ஒரு பெண்ணிடமிருந்து அந்த நடுப்பகுதி முழுவதையும் மாஸ்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனிதர்கள் வாழ்வது அங்கேதான். வேறெதையும் மன்னித்துத் தொலைக்கலாம். இதை மட்டும் என்னால் முடியவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு கிளப்பில், வேலை முடிந்து போய்த் தூக்கிக்கொண்டிருந்தாள். போட்டிகளில் கலந்துகொள்ள மாட்டாள். பார்வையாளர் வரிசையில் கடைசியில் உட்கார்ந்துகொள்வாள். மேடையைப் பார்க்க மாட்டாள், மாஸ்டரைப் பார்ப்பாள். கொக்கு மீனைப் பார்க்கிற மாதிரி.

“எதுக்குக்கா அந்தாளு மூஞ்சிய இப்படிப் பாக்கற?”

“அவர் வாயால சொல்லணும்டி. மைக்ல சொன்னாருல்ல, மைக்லயே சொல்லணும். தப்பு என்னோடதுன்னு. அப்பாவுக்குத்தான் கேக்காம போச்சு. மத்தவங்களுக்காவது கேக்கட்டும்.”

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஒரு போட்டி நடத்தப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. மாஸ்டர் தன் அண்ணன் மகளை இறக்கினார். அவருடைய சுவரில் பாதிப் படங்கள் அந்தப் பெண்ணுடையவைதான். அக்காவும் பெயர் கொடுத்தாள். இஸ்திரியக்கா, “ஆகாசம், இந்தத் தடவ என்னத்தத் தூக்கப்போற, சூரியனையா?” என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டி, ஓர் எடையைச் சொன்னாள். மலையும் இல்லை, செங்கல்லும் இல்லை. பயிற்சியில் அவள் இரண்டு தடவைக்கு ஒரு தடவை தூக்குகிற எடை.

மேசையில் எடை சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் வைத்துத் திட்டத்தைச் சொன்னாள்.

“முதல்ல ரொம்பக் கம்மியா எழுதிக் குடு. அந்தாளு எண்ணிக்கிட்டு உக்காருவாரு. என்னோட மூணு வாய்ப்பும் முடிஞ்ச பிறகுதானே அவங்க முறைன்னு பொண்ண சும்மா உக்கார வைப்பாரு. என் பேரைக் கூப்பிட்டதும் நீ போய் ஏத்து. அவங்க எடையவிட ஒரு கிலோ மேல.”

“ஏத்தினா?”

“நான் பின்னாடி போயிடுவேன். அந்தப் பொண்ணு உடனே மேடைக்கு வரணும். உடம்பு சூடு பண்ணாம, சில்லுனு.”

“வந்து தூக்கிட்டா?”

“தூக்கிடும். நல்லா தூக்கற பொண்ணு. ஆனா அந்தாளு விட மாட்டாரு. பயந்துடுவாரு. நேரம் கிடைக்கட்டும்னு அவரும் ஏத்துவாரு. என்னைத் தாண்ட ஒரு கிலோ போதும். ஆனா பயந்தவன் எப்பவும் தேவைக்கு மேலதான் குதிப்பான்.”

“அந்தப் பொண்ணு உன்ன என்னக்கா பண்ணுச்சு?”

“நான் என்னடி பண்ணேன்?”

பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்தப் பிரிவில் மூன்றே பேர். முதலில் ஒரு பள்ளி ஆசிரியை, மிகக் குறைந்த எடை. அவளுக்கு அடுத்து அக்கா, அதன்பின் மாஸ்டரின் அண்ணன் மகள். மாஸ்டர் காலையிலேயே ஒரு தடவை எடையைக் கொஞ்சம் குறைத்திருந்தார், வழக்கம்போல் பத்திரத்துக்காக. ஆக, அவருக்கு இன்னும் ஒரு மாற்றம்தான் மிச்சம். பின்னறையில் அந்தப் பெண்ணைப் போர்வை போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். “அவசரம் இல்ல. ஆகாசம் மூணு தடவ விழுந்து எழுந்திரிக்கட்டும்” என்று சொன்னது எனக்கே கேட்டது.

ஆசிரியையின் மூன்றாவது முறை முடிந்தது. அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேசைக்குப் போய் எடையை ஏற்றினேன். உடனே அண்ணன் மகளின் பெயரைக் கூப்பிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். பின்னறையில் நாற்காலி விழும் சத்தம். மாஸ்டர் ஓடிவந்தார். பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன், மறக்கவும் விரும்பவில்லை.

“சித்தப்பா, நான் தூக்கிடுவேன். அப்படியே விடுங்க” என்று அந்தப் பெண் போர்வையைக் களைந்துகொண்டே சொன்னாள்.

“நீ சும்மா இரு.”

அவர் ஐந்து கிலோ ஏற்றினார். கடைசி மாற்றமும் போனது.

இப்போது அக்காவின் முறை. அவளுக்குப் பிடிக்காத, அவளை இத்தனை காலம் தூங்கவிடாத, அந்த நடு எடை. வந்து நின்றாள். தோள்வரைக்கும் சுத்தமாக வந்தது. மேலே தள்ளும்போது முழங்கை மடங்கியது. கம்பி இடிமாதிரி முன்னால் விழுந்தது. கூடத்தில் எங்கோ ஒரு சிரிப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் வெள்ளைத்தூள் பெட்டியில் கைவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த பக்கம் திரும்பி, “இருங்க, இன்னும் இருக்கு” என்றாள். இரண்டாம் தடவை கம்பி தலைக்கு மேல் போய் நின்றது. கை நடுங்கவில்லை. தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. மாமா இருக்கைமேல் ஏறி நின்று பஸ் ஹாரன் மாதிரி கத்தினார்.

மூன்றாவது முறைக்கு அவள் எடையை அண்ணன் மகளின் எடைக்கு மேலே எழுதச் சொன்னாள். “போதும், அவங்க வரட்டும்.” உடம்பைச் சூடுபண்ணப் பாதி நேரம்கூடக் கிடைக்காமல் அந்தப் பெண் வந்தாள். அதுவரை தூக்கியே இராத எடை. ஒன்று போனது. இரண்டு போனது. மூன்றாவது தடவை கம்பியோடு சேர்ந்து அவளும் மண்டியிட்டாள். அக்கா ஓரமாக நின்று முழுவதையும் பார்த்தாள். ஒரு தடவைகூடக் கண்ணைத் திருப்பவில்லை. நானும் திருப்பவில்லை.

பலகையில் பூஜ்யம் விழுந்ததும் நடுவர் மேசையில் ஒருவர், “என்ன மாஸ்டர், ஒரே தாவா அஞ்சு கிலோ?” என்றார். மாஸ்டர் மேசைமேல் கையூன்றிக் குனிந்தார். அங்கேதான் மைக் இருந்தது.

“நான் வேணாம்னுதான் சொன்னேன். இவதான் அந்த எடை வேணும்னு அடம்...”

கூடம் முழுக்கக் கேட்டது. மண்டியிட்ட இடத்திலிருந்து அந்தப் பெண் எழுந்தாள்.

“நானா? நானா கேட்டேன்? விடுங்கன்னு கெஞ்சினேனே சித்தப்பா! நீங்கதானே ஏத்துனீங்க!”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மேடையோரத்தில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். “மாஸ்டர், மைக் ஆன்லதான் இருக்கு. அப்படியே என்னோடதையும் சொல்லிடுங்க.”

அவர் சொல்லவில்லை. போர்வையைக்கூட எடுக்காமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அக்கா பதக்கத்தை வாங்கி மாமாவின் சட்டைப்பைக்குள் போட்டாள். “பாதிதான்டி ஆச்சு” என்று என்னிடம் சொன்னாள்.

மூன்றாம் முறையை அவள் எடுக்கவே இல்லை என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை. நான் கேட்டதற்கு, “அந்த எடை எனக்கும் ஆகாது. எனக்கென்ன பைத்தியமா?” என்றாள். அடுத்த வருஷம் மேற்பார்வையாளர் தேர்வுக்குப் போனாள். தேறவில்லை. சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் அவளே சொன்னாள். அதற்கடுத்த வருஷம் தேறினாள். பதவி கிடைத்து எதை அனுபவித்தாள் என்று கேட்காதீர்கள். வயிற்றில் நோய் வந்துவிட்டது.

அவள் படுத்திருந்தபோது மாஸ்டர் பழக்கூடையோடு வந்தார். கதவைத் திறந்தது நான்.

“யாரு?” என்று உள்ளே இருந்து கேட்டாள்.

சொன்னேன்.

“வந்தது எதுக்கு, சொல்றதுக்கா, பாக்கறதுக்கா?”

அவர், “பாத்துட்டுப் போலாம்னு” என்றார்.

“அப்ப வேணாம்.” அவ்வளவுதான் சொன்னாள். நான் கதவைச் சாத்தினேன். சாகப்போகிறவள் மன்னித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று உறவில் சிலர் பேசினார்கள். அவர்கள் யாரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அந்த இரண்டாவது சிரிப்பைக் கேட்டவர்கள் இல்லை.

சலவைக்கூடத்துப் பெண்கள் மருத்துவமனைச் சாப்பாட்டுக்கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பழைய கிளப் ஆட்களும் வந்திருந்தார்கள். மாஸ்டர் வெள்ளைச் சட்டை, பெரிய மலர்வளையம். பேசுகிறவர்களைக் கூப்பிடுவது என் வேலை. அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“நான் ரெண்டு வார்த்த பேசணும்மா. அவளை முதல்ல மேடையேத்துனவன் நான்தானே.”

“பேசுங்க மாஸ்டர். முதல் வார்த்தை எதுவா இருக்கணும்னு உங்களுக்குத் தெரியும். அதச் சொல்லிட்டு மிச்சத்தப் பேசுங்க. இல்லன்னா மைக் கிடையாது.”

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் அவருடைய அண்ணன் மகள் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் திரும்பிப் போனால் அதுவே பேச்சாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. மைக்கை வாங்கினார்.

“அந்த முதல் போட்டியில... அந்த எடை... நான்தான் எழுதினேன்.”

அவர் குரல் தண்ணீர் குடிக்கிற சத்தம் மாதிரி இருந்தது.

“கேக்கல!” என்றாள் பின்னாலிருந்து இஸ்திரியக்கா.

“எடைய நான்தான் எழுதினேன். அவ கேக்கல.”

“கடைசி வரிசைக்குக் கேக்கல!”

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. “நான் எழுதினேன்! எறக்க மறந்துட்டேன்! பழியத் தூக்கி அவமேல போட்டேன்! அவ கேக்கவே இல்ல!”

இந்தத் தடவை வாசலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், சட்டைப்பையிலிருந்து மடித்துவைத்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“இப்ப பேசலாமாம்மா?”

“நேரம் முடிஞ்சுது மாஸ்டர்” என்று சொல்லி, அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன்.